சின்னப்பன் கத்தியும் அதன் ஸ்க்ரூவும்

ரேணிகுண்டாவில் ஆட்டோ ஏறி "கத்துலம்மா ஷெட்" என்றால் போதும், மேற்கொண்டு வழி சொல்ல வேண்டியதில்லை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறைகளைத் தாண்டி, பச்சை பெயின்ட் அடித்த ஷட்டருக்கு முன்னால் இறக்கிவிடுவார்கள். தமிழ் பேசுகிறவர்களுக்கு அவள் கத்திக்காரம்மா. எனக்கு பிரேமலதா அக்கா, பெரியம்மா மகள். எங்கள் குடும்பத்தில் சொந்தமாக லேத் மெஷின் வைத்திருக்கிற முதல் பெண்.

அப்படித்தான் முதலில் எழுதியிருந்தேன். படித்துக் காட்டியதும் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"பொண்ணுங்கள்ல முதல் ஆளா? ஆம்பளைங்க மட்டும் இன்னா லேத்து வச்சிக்கினு இருந்தாங்களா? மொத்தத்துலயே முதல் ஆளுன்னு எழுது, ரக்ஷி."

மொத்தத்திலேயே முதல் ஆள்.

எங்கள் ஊர் நகரிக்கு அந்தப் பக்கம், எல்லையை ஒட்டியது. அவளுடைய அப்பா, என் பெரியப்பா சின்னப்பன், அடுத்தவர் நிலத்தில் கரும்பு வெட்டி, அடுத்தவர் தோப்பில் மாங்காய் சுமந்து வளர்ந்தவர். பிறகு அரசாங்கம் கொடுத்த பட்டா நிலத்தில் கல்லைப் பொறுக்கிப் போட்டுவிட்டு வேர்க்கடலை போட்டார். இப்போது மாமரங்களும் இருக்கின்றன. அக்கா வீட்டில் தமிழும் பள்ளிக்கூடத்தில் தெலுங்குமாகப் படித்து, திருப்பதி ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தாள். அந்த வகுப்பில் வேறு பெண் இல்லை. "ஃபேன் கீழ இருக்கற பெஞ்சு எனக்கே எனக்குன்னு விட்டுட்டாங்க, சௌகரியமா இருந்துச்சு" என்பாள்.

அதற்குப் பிறகு ஸ்ரீசிட்டியில் ஒரு செல்போன் தொழிற்சாலை. பெல்ட்டில் நகர்ந்து வருகிற போனில் ஸ்க்ரூக்களை இறக்கி இறுக்குவது அவள் வேலை. எட்டு வருடம் அதையே செய்தாள். எவ்வளவு இறுக்கினால் போதும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது மணிக்கட்டில் ஊறிவிட்டது. அவள் மூடிய போன் குறை என்று திரும்பி வந்ததில்லை. இதை யாரும் கேட்காவிட்டாலும் அவளே சொல்லிவிடுவாள்.

அந்த வேலையை விட்டு வந்து போட்டதுதான் ஷெட். முதலில் சித்தூர் மாங்கூழ் தொழிற்சாலைகளின் கத்திகளுக்குச் சாணை பிடித்துக் கொடுத்தாள். அரக்கோணத்திலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிற ஜெபகுமார் லேத் வேலைக்குச் சேர்ந்தார். அதன் பிறகுதான் விஜயராகவன் வந்தார். பலமனேர் சாலையில் அவருடைய மா நர்சரி இருக்கிறது. செடிக்குச் செடி நோய் தாவுகிறது என்று, அங்கே ஒட்டுக்கட்டுகிறவர்கள் ஒவ்வொரு கன்றை வெட்டிய பிறகும் கத்தியை ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும் என்று கட்டளை போட்டிருந்தார். அந்தத் தண்ணீரில் மரப்பிடி ஊதிப் பிளந்தது. இரும்புப் பிடி துருவேறியது. பிளாஸ்டிக் பிடி மாம்பால் பட்டு வழுக்கியது.

"எதையும் தாங்கற ஒரு மடக்குக் கத்தி வேணும்மா. என் ஆளுங்க கைக்குப் பாரமா இருக்கக் கூடாது" என்றார்.

அக்கா டைட்டானியம் என்றாள். எலும்பு முறிவுக்கு வைக்கிற தகடுகளைச் செய்யும் சென்னைப் பட்டறை ஒன்றிலிருந்து மிஞ்சிய துண்டுகளை வாங்கி வந்தாள். உடம்புக்குள்ளேயே கிடந்தும் கெடாத உலோகம் ப்ளீச்சிங் தண்ணீருக்கா பயப்படும்? பிடி பிரமாதமாக வந்தது. இரண்டு பக்கத் தகடு, நடுவில் மடங்குகிற அலகு. எடுத்தால் கையில் கத்தி இருப்பதே தெரியாது. அலகு தினமும் சாணைக்குப் போகிறது, அதைப் பற்றிக் கவலை இல்லை. மிச்சம் இருந்தது இந்த மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிற இரண்டு ஸ்க்ரூ.

ஜெபகுமார் கறுப்பு ஸ்டீல் ஸ்க்ரூ போடலாம் என்றார், உறுதி அதிகம். அக்கா அதை ஒரு டம்ளர் ப்ளீச்சிங் தண்ணீரில் போட்டு வைத்தாள். மறுநாள் டம்ளரில் செம்மண் கரைத்தது போலத் தண்ணீர். பெரியப்பா பித்தளைதான் அழகு என்றார், அது பச்சை பூத்தது. கப்பல் சாமான்களுக்குப் போடுகிற ரகம் என்று கடைக்காரர் கொடுத்த ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ நன்றாகவே தாக்குப்பிடித்தது. ஆனால் போகப் போக அதன் கழுத்தில் ஊசி முனை அளவுக்குப் பழுப்புப் புள்ளிகள் விழுந்தன. டைட்டானியம் ஸ்க்ரூ மட்டும் போட்டது போலவே கிடந்தது.

"புள்ளி விழுந்த ஸ்க்ரூவை நைனா பேரு பக்கத்துல வெக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள் அக்கா.

விஷயம் அதுதான். பிடியின் மேல் அவள் தன் அப்பாவின் பெயரைப் பொறித்திருந்தாள். ஒரு பக்கத் தகட்டில் தமிழில் சின்னப்பன், மறுபக்கம் தெலுங்கில். அடுத்தவர் தோப்பில் கூலியாளாகப் போன மனிதரின் பெயர் இனிமேல் மாந்தோப்பு தோறும் இருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. பெரியப்பா கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எவனாவது எவனையாவது குத்திட்டான்னு வச்சிக்கோ, போலீஸ்காரன் நேரா என்கிட்டதான் வருவான்."

"வந்தா டீ குடு நைனா."

பிடி, ஸ்க்ரூ இரண்டும் டைட்டானியம், ஒரே சாம்பல் நிறம். ஸ்க்ரூ தலையில் ஒற்றைக் கோடு, காசு வைத்தே திருப்பலாம். மழைக்காலம் தொடங்கி ஒட்டுக்கட்டும் வேலை ஆரம்பிக்கும் முன் கத்திகள் நர்சரிக்குப் போய்ச் சேர்ந்தன. அந்தப் பருவம் முழுக்க ஒரு புகாரும் வரவில்லை.

நான் வெளிநாடுகளில் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பியது போன வருடம் ஆயுத பூஜை சமயம். பெட்டியை முழுதாகப் பிரித்திருக்கவில்லை. "நாளைக்கு நர்சரில பூஜை. என் கத்திக்குப் பொட்டு வெக்கறாங்க. நீயும் வா" என்று அக்கா இழுத்துக்கொண்டு போனாள். அவள் பட்டுப்புடவையில், பெரியப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், ஜெபகுமார் புது வாட்ச்சுடன். விஜயராகவன் எங்களுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்.

அந்த நர்சரியில் ஒரு வழக்கம். ஆயுத பூஜை அன்று ஒட்டுக்கட்டுகிறவர்கள் கத்தியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றுவார்கள். பிடி, அலகு, ஸ்க்ரூ எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, மாவிலை மேல் தனித்தனியாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். கழற்றாத கத்திக்குப் பொட்டு கிடையாது. உள்ளே காய்ந்த மாம்பாலை வைத்துக்கொண்டு மேலே குங்குமம் பூசுவது சாமியை ஏமாற்றுகிற வேலை என்பது அவர்கள் எண்ணம்.

முதலில் உட்கார்ந்தவர் துலுக்காணம். அங்கே ஒட்டுக்கட்டுவதில் அவர்தான் பெரிய கை, வாயும் அப்படியே. காசை எடுத்து ஸ்க்ரூவின் கோட்டில் வைத்துத் திருப்பினார். காசுதான் வளைந்தது. ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவரச் சொல்லி, முட்டியை ஊன்றி அழுத்தித் திருப்பினார். பக்கத்தில் இன்னொருவர், அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர். ஒன்றும் அசையவில்லை.

"இன்னாம்மா பிரேமா, உங்க நைனா வாயே தொறக்கமாட்டேன்றாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பாவும் விடவில்லை. "என் பொண்டாட்டி கேட்டே தொறந்தது இல்ல, உனக்கா தொறப்பேன்?"

சிரிப்பு இன்னும் பெரிதானது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து, துலுக்காணத்தின் கத்தியை வாங்கினாள். எட்டு வருடம் ஸ்க்ரூ பிடித்த கை. ஒரு முறை திருப்பினாள். இரண்டாம் முறை ஸ்க்ரூ தலையின் கோடு மழுங்கி, டிரைவர் வழுக்கி, பிடியின் மேல் இழுத்தது. சின்னப்பன் என்ற எழுத்துக்கு நடுவே ஒரு கீறல்.

விஜயராகவன் சங்கடத்தோடு, "பரவால்லேம்மா, இந்த வருஷம் அப்படியே வெச்சிடலாம்" என்றார்.

"வேணாங்க" என்றாள் அக்கா. "உங்க வழக்கத்தை என் கத்திக்காக மாத்தாதீங்க." பிறகு துலுக்காணம் பக்கம் திரும்பினாள். "அண்ணா, எல்லா கத்தியும் குடு. இது கெட்டுப்போன கத்தி இல்ல, தப்பா மூடின கத்தி. மூடினவ நானு. தொறந்து எடுத்துக்கினு வரேன்."

"அதுவரைக்கும் எதாலம்மா அறுக்கறது? பல்லாலயா?"

"பழைய கத்தி இருக்குது இல்ல? அதுக்குப் பொட்டு வை."

துருவேறியிருந்தாலும் கழற்ற வந்த பழைய கத்திகள் மாவிலை மேல் ஏறின. சின்னப்பன் கத்திகள் பொட்டில்லாமல் ஒரு கோணிப்பைக்குள் போயின. திரும்பும் வழியில் வேனில் ஜெபகுமார் பையை வாங்கப் போனார். பெரியப்பா கொடுக்கவில்லை, மடியிலேயே வைத்திருந்தார். "பேரு என்னுது. மூட்டையும் நான்தான் தூக்கணும்."

மறுநாள் ஜெபகுமார் ஒரு பிடியை ஸ்க்ரூவோடு சேர்த்து நெடுக்காக அறுத்தார். ஸ்க்ரூ சுற்றி இறங்குகிற மரையைப் பார்த்ததுமே இருவருக்கும் புரிந்துவிட்டது. டைட்டானியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் உண்டு. அதைத் துருப்பிடிக்காமல் காப்பது அந்தத் தோல்தான். ஸ்க்ரூவை இறுக்கும்போது இரண்டு பக்கத் தோலும் உரசி உரிகிறது. உரிந்த இடத்தில் ஒரே உலோகம் ஒரே உலோகத்தைத் தொட்டு, அப்பிக்கொண்டு, ஒன்றாகிவிடுகிறது. எது ஸ்க்ரூ, எது பிடி என்று மரையில் பிரித்துப் பார்க்கவே முடியவில்லை.

"படிச்சதுதான்" என்றாள் அக்கா. "ஐ.டி.ஐ.லயே சொன்னாங்க. துருவையே பார்த்துக்கினு இருந்தேன், இதை விட்டுட்டேன்." அறுத்த பிடியைத் திருப்பிப் பார்த்தபடி சொன்னாள்: "எட்டு வருஷம் ஒரு ஸ்க்ரூவைக் கூட கழட்டினது இல்ல ரக்ஷி. நான் மூடினதை எவனோ தொறப்பான்னு ஒரு நாள் கூட நெனச்சதே இல்ல."

இந்த இடத்தில் அவளைப் பார்த்து நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவள் முகத்தில் வருத்தம் இல்லை, சண்டைக்குத் தயாராகிற களை இருந்தது.

சிக்கிய ஸ்க்ரூக்களைத் துளைத்து எடுப்பது பெரிய வேலையாகிவிட்டது. அவசரப்பட்டால் டிரில் பிட் சூடேறி நீலமாகி மழுங்கிவிடும். ஜெபகுமார் எண்ணெய் விட்டு விட்டு, மெதுவாக, துளையை ஒரு சுற்றுப் பெரிதாக்கிப் புது மரை போட்டார். "ஸ்க்ரூ போடறதுக்கு சம்பளம் குடுத்தீங்க, இப்போ எடுக்கறதுக்கும் சம்பளம் குடுக்கறீங்க. நல்ல கம்பெனி அக்கா" என்று தினமும் ஒரு முறை சொல்வார்.

அந்தச் சமயத்தில்தான் துலுக்காணம் திருப்பதிக்கு மொட்டை போட வந்தார். திருமலையிலிருந்து இறங்கியதும், சந்தனம் காயாத தலையோடு நேராக ஷெட்டில் வந்து நின்றார்.

"என் கத்தி இன்னா ஆச்சு?"

ஜெபகுமார் அவர் தலையைப் பார்த்தார். "அண்ணா, உங்க தலையும் நம்ம ஸ்க்ரூ தலை மாதிரியே மழுங்கிடுச்சே."

"சாமிக்குக் குடுத்தது தம்பி, இது திரும்ப மொளைக்கும். உங்குளுது மொளைக்குமா?"

அக்கா அறுத்த பிடியை அவர் கையில் கொடுத்து, தோல் உரிந்து ஒட்டிக்கொண்ட கதையைச் சொன்னாள். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கைகொட்டிச் சிரித்தார்.

"ஏம்மா, ரெண்டு பக்கமும் தோலைச் சீவிட்டு இறுக்கிக் கட்டினா ஒட்டாம இன்னா பண்ணும்? நாங்க நாளெல்லாம் அந்த வேலைதானே பண்ணிக்கினு இருக்கறோம்! மாவுல மா வெச்சா ஒட்டும். மாவுல வேம்பு வெச்சா எவன் கட்டினாலும் ஒட்டாது."

"அதான்ணா, வேம்பைத்தான் தேடிக்கினு இருக்கறேன்."

தேடியது பல மாதம். டைட்டானியக் கட்டைகளில் துளை போட்டு, ஒவ்வொரு வகை ஸ்க்ரூவையும் இறுக்கி, காலையில் ப்ளீச்சிங் தண்ணீரில் முக்கி, வெயிலில் காயவைத்து, பருவம் வந்ததும் மாம்பாலும் தடவினாள். உப்பு போட்ட மாங்காய் ஜாடி ஒன்றிலும் சில கட்டைகள் கிடந்தன. "யாராவது ஊறுகான்னு நெனச்சித் துன்னுடப் போறாங்க" என்று ஜெபகுமார் அதன் மேல் மண்டை ஓடு படம் ஒட்டி வைத்தார். இந்த முறை அவள் டம்ளரின் நிறத்தைப் பார்க்கவில்லை. ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்: காசு வைத்துத் திருப்பினால் திறக்கிறதா?

கறுப்பு ஸ்டீல் துருவால் இறுகியது. பித்தளையின் தலை முதல் திருப்பலிலேயே நசுங்கியது. அவள் முன்பு ஒதுக்கிய ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ வெறுமனே போட்டால் கொஞ்சம் சண்டித்தனம் செய்தது. மரையில் ஒரு துளி கிரீஸ் தடவிப் போட்டால் ஒவ்வொரு முறையும் திறந்தது. புள்ளிகள் விழத்தான் செய்தன. வேண்டுமென்றே அளவு மீறி முறுக்கியபோது ஸ்க்ரூதான் ஒடிந்தது, பிடியின் மரைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒடிந்த துண்டு சுலபமாக வெளியே வந்தது.

அந்தத் துண்டை உள்ளங்கையில் வைத்து அவள் ஜெபகுமாரிடம் நீட்டினாள்.

"சாவறதா இருந்தா ஸ்க்ரூதான் சாவணும் ஜெபா. பிடி சாவக் கூடாது. ஸ்க்ரூ புதுசு போட்டுக்கலாம். பேரு பிடியிலதானே இருக்குது."

கத்திகள் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவோடு அடுத்த பருவத்துக்கு நர்சரிக்குத் திரும்பின. ஒவ்வொன்றோடும் ஒரு சின்ன டப்பியில் மாற்று ஸ்க்ரூக்களும் கொஞ்சம் கிரீஸும். நடுவில் கீறல் விழுந்த கத்தியை அவள் தேய்த்துச் சரிசெய்யவில்லை, அப்படியே துலுக்காணத்துக்குக் கொடுத்தாள். "உன் கத்தின்னு உனக்கு அடையாளம் தெரியணும் இல்ல?"

இந்த வருட ஆயுத பூஜைக்கும் போனோம். நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன். விஜயராகவன் நாற்காலி போட்டிருந்தும் அக்கா உட்காரவில்லை. அதே பட்டுப்புடவையில், கைகளைக் கட்டிக்கொண்டு, துலுக்காணத்துக்குப் பின்னால் நின்றாள். பெரியப்பா வாயைத் திறக்கவே இல்லை.

துலுக்காணம் வேண்டுமென்றே தாமதித்தார். காசைத் துடைத்தார். கையைத் துடைத்தார். தலையைத் தடவினார், அதில் முடி நன்றாகவே முளைத்திருந்தது. காசைக் கோட்டில் வைத்துத் திருப்பினார்.

கிறீச் என்று ஒரு சின்னச் சத்தம். ஸ்க்ரூ சுழன்று வெளியே வந்து மாவிலை மேல் விழுந்தது. பிறகு அடுத்தது. பிடியின் இரண்டு தகடுகளும் புத்தகம் போலப் பிரிந்தன. வரிசையில் மற்றவர்களும் குனிந்தார்கள். கிறீச், கிறீச் என்று அந்தச் சத்தம் வரிசை முழுக்க ஓடியது. அக்கா கட்டியிருந்த கைகளை அப்போதுதான் இறக்கினாள்.

துலுக்காணம் முதல் ஸ்க்ரூவை எடுத்து வெயிலில் காட்டினார். "இன்னாம்மா, கழுத்துல புள்ளி விழுந்துகீது?"

"விழட்டும்ணா. அது வேலை அது. டப்பியில புதுசு இருக்குது, போடு. பழசை என்கிட்ட குடு, எவ்ளோ தாங்குச்சின்னு பார்க்கணும்."

அவர் கத்தியைக் கழுவித் துடைத்து, பாகம் பாகமாக இலையில் வைத்தார். சந்தனம் வைத்தார். குங்குமத்தை விரலில் தொட்டு, கீறல் விழுந்த அந்தப் பெயரின் மேல் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார்.

பெரியப்பாவுக்கு வாய் திரும்பக் கிடைத்தது. "பார்த்தியா, எனக்கே பொட்டு வெச்சிட்டாங்க. இனிமே நான் சாமி. எல்லாரும் வரிசையா வந்து கால்ல விழுங்க."

அக்கா பழைய ஸ்க்ரூக்களைப் புடவை முந்தானையில் முடிந்துகொண்டே சொன்னாள்: "சாமி, அங்க சுண்டல் குடுக்கறாங்க. எனக்கும் சேர்த்து வாங்கிக்கினு வா, போ."